அம்மம்மாவுக்கு ஏன் குளிர்ந்தது?
(கம்பியில்லாத் தெர்மோஸ்ரற் பழுதானால் காரணம் தேடும் முறை)



இந்த முறை சுவர்ப் பத்திரிகையின் விஞ்ஞானப் பக்கத்தை எழுதும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. "புத்தகத்தைப் பார்த்து எழுதாமல் உங்கட வீட்டிலை நடந்த ஒன்றை எழுதுங்கோ" என்று ரீச்சர் சொன்னா. சென்ற தை மாதம் எங்கள் வீட்டில் ஹீற்றிங் வேலை செய்யாமல் போன கதையை எழுதுகிறேன். கதையோடு பாடமும் இருக்கிறது. இங்கிலாந்தில் உங்கள் எல்லோருடைய வீட்டிலும் இது ஒருநாள் நடக்கலாம். ஆனபடியால் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

1. நடந்தது என்ன?

பொங்கல் முடிந்து சில நாட்களில் வெளியே நல்ல குளிர் பிடித்தது. ஒரு வியாழக்கிழமை மாலை நான் பள்ளிக்கூடத்தால் வந்து, ரியூசனும் முடித்து வீட்டுக்குள் வந்தால், வீடு பிறிட்ஜ் மாதிரி இருந்தது. அம்மம்மா இரண்டு சுவெற்றர் போட்டு, சால்வையால் காதையும் மூடிக்கொண்டு செற்றியில் இருந்தா. கையைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ்! விஞ்ஞானப் பெட்டியில் இருந்த என்னுடைய வெப்பமானியை எடுத்து அறையின் நடுவில் வைத்தேன். 15 பாகை காட்டியது.

"அம்மம்மா, எப்ப தொடக்கம் இப்பிடி?" என்று கேட்டேன்.

"பகலிலை சூடு வருகுது பிள்ளை. விடியவும் பின்னேரமும்தான் இல்லை" என்றா.

இந்த ஒரு வசனத்தை நீங்கள் ஞாபகம் வைத்திருங்கள். நாங்கள் வைத்திருக்கவில்லை. வயது போனவ, சரியாகக் கவனித்திருக்க மாட்டா என்று நினைத்து விட்டுவிட்டோம்.

குளிர் சும்மா விளையாட்டு அல்ல. குளிர் நாடுகளில் வீட்டுக்குள் வெப்பநிலை குறைந்தது 18 பாகை செல்சியசாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. முதியவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அதைவிடக் கூடுதலாகவும் தேவைப்படலாம். குளிர் வீட்டில் இரத்த அழுத்தம் ஏறும், சுவாச நோய் கூடும். அம்மம்மாவுக்கு ஏற்கெனவே முட்டு வருத்தம் இருக்கிறது. அன்றிரவு இருமத் தொடங்கிவிட்டா.

அப்பா ஒரு ஹீற்றிங் காரருக்கு ரெலிபோன் எடுத்தார். அவர் வீட்டுக்கு வராமலே, "தெர்மோஸ்ரற் போயிருக்கும், புதுசு போடவேணும். சாமானும் கூலியுமாக 180 பவுண். திங்கட்கிழமைதான் வரலாம்" என்றார். திங்கள் வரைக்கும் அம்மம்மா என்ன செய்வா? அதனால் நாங்களே காரணம் தேடத் தொடங்கினோம்.

2. முதலில் இது எப்படி வேலை செய்கிறது?

பழுதைத் தேடுவதற்கு முதல், பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். எங்கள் வீட்டு ஹீற்றிங்கில் நாலு பகுதிகள் உண்டு.

(அ) தெர்மோஸ்ரற். தமிழில் வெப்பநிலை நிறுத்தி என்று சொல்லலாம். கையடக்கமான ஒரு வெள்ளைப் பெட்டி. இரண்டு பற்றரியில் ஓடும். இதுதான் அறையின் வெப்பநிலையை அளந்து, "சூடு வேணும்" அல்லது "போதும்" என்று முடிவு எடுக்கிறது.

(ஆ) றிசீவர். குசினியில் பொயிலருக்குப் பக்கத்தில் சுவரில் பூட்டியிருக்கும் பெட்டி. தெர்மோஸ்ரற் அனுப்பும் செய்தியை வாங்கி, உள்ளே உள்ள ரிலே என்னும் சுவிற்சைப் போடும். அப்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும்.

(இ) பொயிலர். காஸை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கும்.

(ஈ) பம்பும் குழாய்களும் றேடியேற்றர்களும். சூடான தண்ணீரை வீடு முழுக்கக் கொண்டுபோகும்.

பழைய தெர்மோஸ்ரற்றுகளில் ஈருலோகக் கீலம் இருந்தது. இரண்டு உலோகங்கள் வெவ்வேறு அளவில் விரிவதால் கீலம் வளைந்து சுவிற்சைத் திறக்கும், மூடும். இப்போதைய கம்பியில்லாத் தெர்மோஸ்ரற்றில் வெப்பத்தடையி என்ற ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. வெப்பம் கூடினால் அதன் தடை குறையும். பரவலாகப் பாவிக்கும் ஒரு வகைக்கு 25 பாகையில் 10,000 ஓம் தடை இருக்கும். 0 பாகைக்கு இறங்கினால் அது ஏறக்குறைய மூன்று மடங்காகும். உள்ளே உள்ள சிப் அந்தத் தடையை அளந்து வெப்பநிலையைக் கணக்கிடும்.

நாங்கள் 20 பாகை என்று வைத்தால் அது சரியாக 20 இல் போட்டு 20 இல் நிற்பாட்டுவதில்லை. உதாரணமாக 19.5 க்கு இறங்கினால் போடும், 20.5 க்கு ஏறினால் நிற்பாட்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் பொயிலர் நிமிடத்துக்கு நிமிடம் எரிந்து அணைந்து கெதியில் பழுதாகிவிடும்.

செய்தி எப்படிப் போகிறது? ரி.வி. றிமோற் பாவிப்பது அகச்சிவப்புக் கதிர். அது சுவரைத் தாண்டாது. தெர்மோஸ்ரற் பாவிப்பது வானொலி அலை. ஐரோப்பாவில் பெரும்பாலும் 868 மெகாஹேட்ஸ் மீடிறனில் அனுப்புகிறார்கள். அலைநீளத்தை நாங்களே கணக்கிடலாம்:

அலைநீளம் = அலையின் வேகம் ÷ மீடிறன்
= 300,000,000 ÷ 868,000,000
= 0.346 மீற்றர் (ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர்)

இந்த அலை செங்கல் சுவரைத் தாண்டும், ஆனால் ஒவ்வொரு சுவருக்கும் கொஞ்சம் பலம் குறையும். உலோகத்தில் பட்டால் திரும்பிவிடும். ஆனபடியால் பிறிட்ஜ், இரும்பு அலுமாரி, பெரிய கண்ணாடி ஆகியவற்றுக்குப் பின்னால் வைத்தால் செய்தி போய்ச் சேராமல் விடலாம்.

இன்னொன்று. பற்றரியை மிச்சப்படுத்துவதற்காகத் தெர்மோஸ்ரற் எந்நேரமும் கதைத்துக்கொண்டு இருக்காது. பெரும்பகுதி நேரம் நித்திரை. மாற்றம் வந்தாலோ, சில நிமிடங்களுக்கு ஒருமுறையோ எழும்பி ஒரு சிறு செய்தி அனுப்பும். நீங்கள் எதையாவது மாற்றினால் உடனே வேலை செய்யவில்லை என்று அவசரப்படாமல் சில நிமிடம் பொறுக்க வேண்டும்.

-------- பெட்டிச் செய்தி: தெரியுமா? --------
'தெர்மோஸ்ரற்' என்ற பெயரை வைத்தவர் ஸ்கொட்லாந்து விஞ்ஞானி அன்றூ யூர். 1830 இல் ஈருலோகக் கீலத்தால் செய்த ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.
மின்சார அறைத் தெர்மோஸ்ரற்றுக்கு 1883 இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தைச் சேர்ந்த வொறன் ஜோன்சன். அவர் ஒரு ஆசிரியர்! வகுப்பு குளிர்கிறதா என்று காவலாளி அடிக்கடி வந்து பார்க்க வேண்டியிருந்ததுதான் அவரை யோசிக்க வைத்தது.
-----------------------------------------------

3. படிப்படியாகத் தேடிய விதம்

பழுது தேடுவதில் ஒரு நல்ல வழி உண்டு. சங்கிலியை நடுவில் பிரித்து, பிழை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்ப்பது. அப்படிச் செய்தால் ஒரே சோதனையில் பாதிச் சந்தேகம் போய்விடும்.

படி 1: சுடுதண்ணீர் வருகிறதா?

எங்கள் பொயிலர் குழாய்த் தண்ணீரையும் சூடாக்கும் வகை. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தோம். நல்ல சூடாக வந்தது. ஆகவே காஸ் வருகிறது, பொயிலர் எரிகிறது. அமுக்கமானியையும் பார்த்தோம். 1 க்கும் 1.5 பாருக்கும் இடையில் நின்றது. அதுவும் சரி.

(சுடுதண்ணீரும் வராவிட்டால் பிழை பொயிலர் பக்கம். கடும் குளிரில் பொயிலரில் இருந்து வெளியே போகும் வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் உறைந்தாலும் பொயிலர் நின்றுவிடும். அப்போது தெர்மோஸ்ரற்றைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை.)

படி 2: றிசீவருக்கு மின்சாரம் வருகிறதா?

பச்சை வெளிச்சம் எரிந்தது. வருகிறது. எரியாவிட்டால் பக்கத்தில் உள்ள சுவிற்சையும் அதில் உள்ள உருகியையும் பெரியவர்கள் பார்க்க வேண்டும்.

படி 3: றிசீவரின் கைப்பொத்தான்.

பல றிசீவர்களில் தெர்மோஸ்ரற் இல்லாமலே ஹீற்றிங்கைப் போட ஒரு பொத்தான் இருக்கும். அப்பா அதை அழுத்தினார். 'டிக்'! சிவப்பு வெளிச்சம் வந்தது. பொயிலர் எரிந்தது. பத்து நிமிடத்தில் றேடியேற்றர் சூடாகியது. எல்லோருக்கும் சந்தோசம். இந்த ஒரு சோதனை றிசீவர், ரிலே, பொயிலர், பம்ப், றேடியேற்றர் எல்லாம் நல்லம் என்று காட்டிவிட்டது. அப்படியானால் பிழை தெர்மோஸ்ரற்றில், அல்லது தெர்மோஸ்ரற்றுக்கும் றிசீவருக்கும் இடையில்.

அன்றிரவு அதை அப்படியே விட்டுவிட்டுப் படுத்தோம். இரவு 2 மணிக்கு வீடு அடுப்பு மாதிரி. கைப்பொத்தானில் ஓடும்போது 'போதும்' என்று சொல்ல ஆளில்லை. அப்பா எழும்பிப் போய் நிற்பாட்டினார். ஆகவே அது அவசரத்துக்கு மட்டும்தான், தீர்வு அல்ல.

படி 4: பற்றரி.

வெள்ளிக்கிழமை இரண்டு புதுப் பற்றரி போட்டோம். ஒன்று 1.5 வோல்ற்று, இரண்டும் தொடராக 3 வோல்ற்று. திரும்பச் சார்ஜ் பண்ணும் பற்றரி ஒன்று 1.2 வோல்ற்றுத்தான். இரண்டும் சேர்ந்து 2.4. சில தெர்மோஸ்ரற்றுகளுக்கு அது காணாது. பழையதையும் புதியதையும் கலந்தும் போடக் கூடாது. நாங்கள் எல்லாம் சரியாகப் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

படி 5: பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பது.

அன்றிரவு மாமா வந்திருந்தார். "சிக்னல் எட்டேல்லைப் போல. றிசீவருக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாப்பம்" என்றார். தெர்மோஸ்ரற்றைச் சிற்றிங் றூமில் இருந்து எடுத்துக் குசினியில் றிசீவருக்குக் கீழே வைத்தோம். ஏறக்குறைய பத்து நிமிடத்தில் 'டிக்'!

"பாத்தியளோ! சிக்னல்தான் பிழை. தெர்மோஸ்ரற் பலமில்லாமல் போச்சு. புதுசு போடத்தான் வேணும்" என்று மாமா முடிவு சொன்னார். எல்லோரும் ஓம் என்றோம். அப்பா திங்கட்கிழமைக்கு ஹீற்றிங் காரரை வரச் சொல்லிவிட்டார்.

"அதுவரைக்கும் குசினியிலேயே வைப்பமே?" என்று நான் கேட்டேன். "இல்லைப் பிள்ளை, சமைக்கேக்கை குசினி சூடாகிவிடும். வீடு முழுக்கச் சூடு எண்டு அது நினைச்சு நிப்பாட்டிப் போடும்" என்றா அம்மா. அதனால் பழையபடி சிற்றிங் றூமிலேயே வைத்தோம்.

அம்மா சொன்னதற்குள்ளேயே விடை இருந்தது. ஒருவருக்கும் விளங்கவில்லை!

4. கொப்பியில் எழுதியதால் வந்த பலன்

வகுப்பில் பரிசோதனை செய்யும்போது நேரத்தையும் அவதானிப்பையும் எழுதச் சொல்லுவார்கள். நானும் ஒரு கொப்பியில் எழுதி வந்தேன்.

வெள்ளி மாலை 7.00 – சிற்றிங் றூம் – ஹீற்றிங் இல்லை
வெள்ளி இரவு 8.15 – குசினி – பத்து நிமிடத்தில் வந்தது
சனி காலை 7.00 – சிற்றிங் றூம் – இல்லை
சனி முற்பகல் 11.00 – சிற்றிங் றூம் – வந்தது!
சனி மாலை 6.45 – சிற்றிங் றூம் – இல்லை

நாலாவது வரியைப் பாருங்கள். தெர்மோஸ்ரற் அதே இடத்தில்தான் இருந்தது. அதே சுவர்கள், அதே தூரம். சிக்னல் எட்டாவிட்டால் 11 மணிக்கு மட்டும் எப்படி எட்டியது? தூரம் நேரத்துக்கு நேரம் மாறாதே!

அப்போதுதான் அம்மம்மா முதல் நாளே சொன்னது ஞாபகம் வந்தது. "பகலிலை சூடு வருகுது. விடியவும் பின்னேரமும்தான் இல்லை." என் கொப்பி இரண்டு நாளில் கண்டுபிடித்ததை அவ வியாழக்கிழமையே சொல்லிவிட்டா.

அப்படியானால் எங்கள் வீட்டில் காலையிலும் மாலையிலும் மட்டும் நடப்பது என்ன? யோசித்துக்கொண்டு தெர்மோஸ்ரற்றைப் பார்த்தேன். அது இருந்தது சுவாமித் தட்டில். மூன்று பக்கமும் பலகை அடித்த தட்டு அது. கீழ்த் தட்டில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேல் தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் தெர்மோஸ்ரற்.

அம்மம்மா காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் விளக்கேற்றுவா!

சூடான காற்று மேலே எழும். இதைத்தான் மேற்காவுகை என்று படிக்கிறோம். விளக்கின் சூடு மேல் தட்டில் சேர்ந்து நிற்க, தெர்மோஸ்ரற் அந்தச் சூட்டை அளந்து "வீடு நல்ல சூடு" என்று நினைத்து நிற்பாட்டியிருக்கிறது. அறையோ 15 பாகை.

ஆனால் இது என்னுடைய ஊகம்தான். மாமாவின் முடிவும் ஊகம்தான். எது சரி என்று காட்ட ஒரு சோதனை வேண்டும்.

5. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று!

குசினிச் சோதனையில் நாங்கள் விட்ட பிழை இதுதான். தெர்மோஸ்ரற்றைக் குசினிக்குக் கொண்டுபோனபோது இரண்டு விடயங்கள் மாறின. ஒன்று, றிசீவருக்கு உள்ள தூரம் குறைந்தது. மற்றது, விளக்கை விட்டுத் தள்ளிப் போனது. அன்று அந்த நேரம் அடுப்பு மூட்டவில்லை, குசினியும் குளிர்தான். எது காரணம் என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. நாங்கள் எங்களுக்குப் பிடித்த காரணத்தை எடுத்துக்கொண்டோம். 'டிக்' சத்தம் வரப் பத்து நிமிடம் எடுத்ததே, அது பெட்டி குளிர எடுத்த நேரம் என்று பிறகுதான் விளங்கியது.

இரண்டு ஊகமும் ஒரே விடையைச் சொல்லும் சோதனை பிரயோசனம் இல்லை. வேறு வேறு விடை சொல்லும் சோதனைதான் வேண்டும். நான் யோசித்தது இது: தெர்மோஸ்ரற்றை றிசீவரில் இருந்து இன்னும் தூரமாக, ஆனால் விளக்கில்லாத இடத்தில் வைக்க வேண்டும்.

– மாமா சொன்னது சரியென்றால்: தூரம் கூடுவதால் வேலை செய்யவே செய்யாது.
– நான் நினைத்தது சரியென்றால்: தூரமானாலும் வேலை செய்யும்.

மேல்மாடியில் என் அறைக்குக் கொண்டுபோனேன். சுவாமித் தட்டைவிடத் தூரம், நடுவில் ஒரு மாடித்தளமும் இரண்டு சுவரும். என் அறை 16 பாகை. தம்பியைக் குசினியில் காவலுக்கு நிறுத்தினேன். அவனுக்கு மூன்று வயது. கொஞ்ச நேரத்தில் கீழே இருந்து, "அக்கா! சிவப்பு லைற்! சிவப்பு லைற்!" என்று கத்தினான். அப்பாவும் மாமாவும் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். பொயிலர் எரிந்துகொண்டிருந்தது.

பிறகு கைந்நூலைத் தேடி வாசித்தேன். எங்கள் தெர்மோஸ்ரற்றின் திரை வழமையாக நாங்கள் வைத்த அளவைத்தான் காட்டும். 20 என்று எழுதியிருந்ததைப் பார்த்து, அதுதான் அறையின் வெப்பநிலை போல என்று நினைத்தவர்களும் வீட்டில் உண்டு. இன்னொரு பொத்தானை அழுத்தினால்தான் அது அளந்த வெப்பநிலை தெரியும். திரும்பவும் சுவாமித் தட்டில் அரை மணி நேரம் வைத்துவிட்டு அழுத்தினேன். 24.5! அறையின் நடுவில் இருந்த என் வெப்பமானி 16 தான் காட்டியது. சந்தேகம் தீர்ந்தது.

கைந்நூலை வியாழக்கிழமையே வாசித்திருந்தால் ஐந்து நிமிட வேலை. "அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று சும்மாவா சொன்னார்கள்!

6. யாருடைய பிழை?

தெர்மோஸ்ரற் சுவாமித் தட்டுக்கு எப்படிப் போனது? பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கியபோது அம்மம்மாதான் எடுத்து வைத்தவ. அதுவரைக்கும் அது சின்ன மேசையில் இருந்தது. தம்பி ஓடி ஓடிப் பொத்தான்களை அழுத்துவான். அவனுக்கு எட்டாத இடம் என்றுதான் மேலே வைத்தா. "அண்மையில் என்ன மாறியது?" என்று அப்பா முதல் நாள் கேட்டபோது ஒருவருக்கும் இது ஞாபகம் வரவில்லை.

விசயம் தெரிந்ததும் அம்மம்மாவின் முகம் வாடிப்போனது. "அப்ப என்னாலைதான் எல்லாரும் குளிருக்கை இருந்தனீங்கள், என்ன?" என்றா.

எனக்கு மனதுக்குள் சுட்டது. ஏனென்றால் கூடக் குளிரில் இருந்தது அவதான். முதல் நாளே சரியான துப்புத் தந்ததும் அவதான். கேட்காமல் விட்டது நாங்கள். நான் என் கொப்பியைக் கொண்டுபோய், முதல் வரிக்கு மேலே, "வியாழன் – அம்மம்மாவின் அவதானிப்பு: பகலில் வரும், காலை மாலை வராது" என்று எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டுச் சிரித்தா.

அப்பா ஹீற்றிங் காரருக்கு ரெலிபோன் எடுத்து வரவேண்டாம் என்றார். 180 பவுண் மிச்சம். மாமா, "நானும் உங்கட ரியூசனுக்கு வரவேணும் போல" என்றார்.

7. தெர்மோஸ்ரற்றை எங்கே வைக்க வேண்டும்?

– நிலத்தில் இருந்து 1.2 முதல் 1.5 மீற்றர் உயரத்தில், வீட்டின் உட்சுவரில்.
– வெயில் படும் இடம், றேடியேற்றருக்கு மேல், ரி.வி.க்குப் பக்கம், விளக்கு அல்லது அடுப்புக்குக் கிட்ட வைக்கக் கூடாது. உண்மையைவிடக் கூட அளக்கும், வீடு குளிரும்.
– வாசற்கதவுக் காற்றுப் படும் இடம், குளிர்ந்த வெளிச்சுவர் வேண்டாம். உண்மையைவிடக் குறைய அளக்கும், காஸ் வீணாகும்.
– திரைச்சீலைக்குப் பின்னால், உலோக அலுமாரிக்குப் பின்னால் வைக்கக் கூடாது.
– பற்றரி உள்ள எந்தப் பொருளையும் எரியும் விளக்குக்குக் கிட்ட வைப்பது ஆபத்து. இது ஹீற்றிங்கைவிட முக்கியம்.

எங்கள் வீட்டில் இப்போது உட்சுவரில் 1.5 மீற்றர் உயரத்தில் பூட்டியிருக்கிறோம். தம்பிக்கு எட்டாது. கைந்நூலைப் பார்த்துப் பொத்தான் பூட்டும் போட்டாயிற்று. குத்துவிளக்கு அதே இடத்தில் அதே நேரத்துக்கு எரிகிறது.

8. ஒரே பார்வையில்: அறிகுறியும் காரணமும்

– திரை வெறுமையாக இருக்கிறது: பற்றரி தீர்ந்தது, அல்லது தலைகீழாகப் போடப்பட்டது.
– திரை சரி, "சூடு வேணும்" என்ற அடையாளம் இல்லை: வைத்த அளவு குறைவு, நேர அட்டவணை பிழை, மணிக்கூடு பிழை, அல்லது வைத்த இடம் சூடு. (பங்குனி, ஐப்பசி மாதங்களின் கடைசி ஞாயிறு இங்கே மணிக்கூடு மாறும். அப்போது மணிக்கூட்டைப் பாருங்கள். சில வகை தானாக மாறாது.)
– அடையாளம் இருக்கிறது, றிசீவரில் சிவப்பு வெளிச்சம் வரவில்லை: செய்தி போய்ச் சேரவில்லை. கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். கிட்டவும் வராவிட்டால் இரண்டுக்கும் உள்ள சோடி சேர்ப்பு விடுபட்டிருக்கலாம். பக்கத்து வீட்டுத் தெர்மோஸ்ரற் எங்கள் பொயிலரைப் போடாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. கைந்நூலில் உள்ளபடி திரும்பச் சோடி சேர்க்கலாம்.
– சிவப்பு வெளிச்சம் வருகிறது, பொயிலர் எரியவில்லை: ரிலே, வயர் அல்லது பொயிலர் பிழை. இது தொழில் தெரிந்தவரின் வேலை.
– பொயிலர் எரிகிறது, ஒரு அறை மட்டும் குளிர்: அந்த றேடியேற்றரின் வால்வைத் திறந்து பாருங்கள். உள்ளே காற்று அடைத்தும் இருக்கலாம்.

ஒரு தவறான எண்ணம்: "கெதியாகச் சூடாக 30 இல் வை" என்பார்கள். சாதாரணத் தெர்மோஸ்ரற் சுவிற்ச் மாதிரித்தான், போடும் அல்லது நிற்பாட்டும். 20 இல் வைத்தாலும் 30 இல் வைத்தாலும் சூடேறும் வேகம் ஒன்றுதான். 30 இல் வைத்தால் நிற்பாட்ட மறந்து காசு போகும், அவ்வளவுதான்.

9. கட்டாயம் கவனிக்க வேண்டியவை

தெர்மோஸ்ரற்றைத் தொடலாம், பற்றரி மாற்றலாம், பொத்தான் அழுத்தலாம். அதற்கு மேல் நாங்கள் போகக் கூடாது.

* றிசீவருக்குள் 230 வோல்ற்று மின்சாரம் இருக்கிறது. மூடியைத் திறக்கக் கூடாது.
* பொயிலரின் காஸ் வேலையைக் காஸ் சேவ் பதிவேட்டில் உள்ளவர் மட்டும்தான் செய்யலாம். 2009 ஏப்ரல் 1 இல் இருந்து இந்தப் பதிவேடு நடைமுறையில் உள்ளது. வருபவரிடம் அட்டையைக் கேட்டுப் பாருங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.
* காஸ் மணம் வந்தால் சுவிற்ச் எதையும் தொடாமல், யன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 0800 111 999 க்கு அழையுங்கள்.
* காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதற்கு ஒரு அலாரம் வீட்டில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள்.

முடிவுரை

நண்பர்களே, இந்தச் சம்பவத்தில் நான் நாலு விடயம் படித்தேன். பொருள் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் அறிய வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பார்த்ததை எழுதி வைக்க வேண்டும். வீட்டில் முழுநாளும் இருப்பவர் சொல்வதைக் கேட்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை நான் எந்தப் புத்தகத்திலும் வாசிக்கவில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் தெர்மோஸ்ரற் எங்கே இருக்கிறது என்று ஒருக்கால் பாருங்கள். அம்மம்மா, அப்பப்பா வீட்டில் இருந்தால், "பகலிலை வீடு சூடாய் இருக்கோ?" என்றும் கேளுங்கள்.

மூளைக்கு வேலை (விடைகள் கீழே)

1. ஒருவர் தெர்மோஸ்ரற்றை வெயில் படும் யன்னலில் வைத்திருக்கிறார். வெயில் நாளில் அவர் வீடு குளிருமா, கூடச் சூடாகுமா?
2. 433 மெகாஹேட்ஸில் அனுப்பும் தெர்மோஸ்ரற்றின் அலைநீளம் என்ன?
3. றிசீவரின் கைப்பொத்தானை அழுத்தியும் 'டிக்' சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

விடைகள்: 1. குளிரும். 2. ஏறக்குறைய 69 சென்ரிமீற்றர். 3. றிசீவருக்கு மின்சாரம் வருகிறதா என்று.



– ஆண்டு 10 மாணவி